அம்மாவின் பாதத்தைப் பெங்களூரிலிருந்து பார்த்துக்கொள்ள முடியுமா?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. மணப்பாறை பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். அடுத்த வீட்டில் அத்தையும், ஏழாவது படிக்கும் அவர் பேத்தியும் இருக்கிறார்கள். நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். போன மாதம் 'செருப்பு கழண்டு போனதே தெரியலடி, அடுத்த தெரு வரைக்கும் வெறுங்காலோட போயிருக்கேன்' என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். கால் பராமரிப்பை வீடியோ காலிலேயே சொல்லிக்கொடுக்க முடியுமா? ஆப், மெஷின் ஏதாவது வாங்க வேண்டுமா? இதெல்லாம் உண்மையிலேயே பயன் தருமா?"

செருப்பிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கேள்வியில் அவசரமானது அதுதான். சர்க்கரை உள்ளவர் "செருப்பு கழண்டது தெரியல" என்றோ "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்றோ சொன்னால் எங்கள் தொழிலில் யாரும் சிரிக்க மாட்டோம். பாதம் மரத்துக்கொண்டு வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. அதனால் வீடியோ கால் அப்புறம். முதலில் ஒரு தடவை ஊருக்குப் போய் அம்மாவை நேரில் பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், திருச்சி பக்கம்தானே. 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பார்கள். பாதத்தின் மேல்பக்கமும் கணுக்காலுக்கு உள்பக்கமும் நாடி அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். விரல் வளைந்திருக்கிறதா, எலும்பு துருத்துகிறதா, ஆணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கால் மணி நேர வேலை. இதில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது மட்டும் எந்த போன் வழியாகவும் நடக்காது.

அது முடிந்த பிறகு நீங்கள் கேட்டதற்கு வரலாம். சொல்லிக்கொடுக்க முடியும். நான் ஒரு நீரிழிவு மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் போனில் ஆரம்பித்தது, இன்று என் வகுப்புகளில் பாதி போனில்தான் நடக்கிறது. இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது: புண் வருவதற்கு முன்னால் போன் நல்ல வாத்தியார், புண் வந்த பிறகு அது மோசமான டாக்டர். கீழே எழுதப்போவது எல்லாம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான்.

மரத்துப்போன கால் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதை உலகத்துக்குச் சொன்ன ஆளுக்கும் நம்மூருக்கும் தொடர்பு உண்டு. பால் பிராண்ட் என்கிற அறுவை மருத்துவர், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்க்க ஆரம்பித்தார். நோய் சதையைத் தின்பதால்தான் விரல்கள் உதிர்கின்றன என்று அப்போது பொதுவாக நம்பினார்கள். அவர் கவனித்தது வேறு. உணர்ச்சி இல்லாததால் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், முள் ஏறிய காலோடு நாள் முழுக்க நடக்கிறார்கள், அழுத்தம் விழுகிற இடத்திலேயே திரும்பத் திரும்ப மிதிக்கிறார்கள். சேதம் அதனால் வருகிறது. சிலருக்கு ராத்திரியில் விரல் குறைந்தது. காரணம் எலி, கடித்தது தூக்கத்தில் தெரியவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்திருக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, சர்க்கரைக்காரர்களின் மரத்த பாதத்திலும் இதே கதைதான் நடக்கிறது என்று எடுத்துக்காட்டினார். இன்று சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்புக்கும் (மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செய்தது) வேர் அந்தத் தொழுநோய் மருத்துவத்தில்தான்.

எலியைப் பழைய கதை என்று நினைக்காதீர்கள். நெல் மூட்டை அடுக்கிய அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களின் கால் விரலை இன்றும் எலி கடிக்கத்தான் செய்கிறது. அம்மா எங்கே படுக்கிறார் என்று இன்றைக்கே கேளுங்கள்.

ஆக, வலி செய்துகொண்டிருந்த காவல் வேலையை இனிமேல் கண்ணும் விரலும் செய்ய வேண்டும். அதைப் பழக்குவதுதான் கால் பராமரிப்புக் கல்வி. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கல்வி எப்படி நடக்கிறது தெரியுமா?

"காலைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான், பாடம் முடிந்தது. அம்மா பொய் சொல்லவில்லை, மேல்பக்கத்தைப் பார்த்திருப்பார். புண் அடியில் வரும், விரல் இடுக்கில் வரும். குனிய முட்டி விடாது. 14 வருடச் சர்க்கரை கண்ணையும் விட்டுவைத்திருக்காது. கால் பராமரிப்புக் கல்வி பற்றிய ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோட்ட 2014ஆம் ஆண்டு காக்ரேன் திறனாய்வும் இதைத்தான் வேறு மாதிரி சொன்னது: சொல்லிக்கொடுத்தால் அறிவு கூடுகிறது, கொஞ்ச காலத்துக்குப் பழக்கமும் மாறுகிறது, ஆனால் கல்வி மட்டுமே புண்ணையும் கால் எடுப்பதையும் குறைக்கும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. இதைப் படித்துவிட்டுக் கல்வியே வீண் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் கல்வி என்று கொடுத்ததெல்லாம் அறிவுரை, அதுதான் கோளாறு. துண்டுப் பிரசுரத்தையே போனில் படித்துக் காட்டினால் அது தொலைநிலைக் கல்வி ஆகிவிடாது. அவர் செய்ய வேண்டும், நீங்கள் பார்க்க வேண்டும். வீடியோ காலின் அருமையே, தபாலும் ரேடியோவும் தர முடியாத அந்த ஒன்றைத் தருவதுதான்.

முதல் வீடியோ கால் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவை தானாக வரும். சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்னால் கை கால் கழுவுகிற பழக்கம் அம்மாவுக்கு இருக்கும். அந்த நேரத்தைப் பிடியுங்கள். புதிதாக ஒரு பழக்கத்தை உண்டாக்குவதைவிட இருக்கிற பழக்கத்தில் தொற்றிக்கொள்வது சுலபம். அத்தை பேத்தியையும் உட்கார வையுங்கள், இந்தத் திட்டத்தில் உண்மையான நர்ஸ் அவள்தான். இடம் திண்ணை, வெளிச்சம் இருக்கும்போதே. ட்யூப்லைட் வெளிச்சத்தில் தோலின் நிறம் மாறித் தெரியும். அம்மா நாற்காலியில், கால் முக்காலி மேல். செல்ஃபி கேமரா வேண்டாம், பின் கேமராவில் பிள்ளை காட்டட்டும். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் விரலை விலக்க யாராலும் முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிடும், போனைச் சொம்பில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சூடு அளவாக இருக்கிறதா என்று முழங்கையால் அல்லது பிள்ளையின் கையால்தான் பார்க்க வேண்டும், அம்மாவின் காலால் பார்க்கக் கூடாது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கிற வைத்தியத்தை அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கால் வலிக்கு இதமாக இருக்கும் என்று செய்வார்கள், வெந்தது மறுநாள் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். துடைக்கப் பழைய வெள்ளை வேட்டித் துணி. ஒவ்வொரு விரல் இடுக்கிலும் விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். வெள்ளைத் துணி என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு: கண்ணுக்குத் தெரியாத கசிவு துணியில் கறையாகத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து எந்த ஆப்பும் இவ்வளவு மலிவாக இந்த வேலையைச் செய்ததில்லை. ஈரம் நிற்கிற இடுக்கில் சேற்றுப்புண் வரும், அங்கே எண்ணெய் தடவக் கூடாது. பித்தவெடிப்பு உள்ள குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெயோ வேறு ஈரப்பசைக் களிம்போ தடவலாம்.

அப்புறம் பார்ப்பது. மேல்பக்கம், உள்ளங்கால், குதிகாலின் பின்பக்கம், இரண்டு ஓரம், நான்கு இடுக்கு. உள்ளங்காலை அம்மாவே பார்க்கத் தரையில் ஒரு முகக் கண்ணாடி வைத்து அதற்கு மேல் காலைத் தூக்கிப் பிடிக்கலாம். மெட்டி போட்டிருந்தால் அதைத் தள்ளி அதற்கடியிலும் பார்க்க வேண்டும், இறுகிப்போன மெட்டி வெட்டிய விரல்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்து முடித்ததும் புறங்கையை வைத்து இரண்டு பாதத்தையும் ஒரே இடத்தில் தொட்டு ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் சுடுகிறதா? இதைப் பேத்தி செய்யட்டும், அம்மாவின் கையிலும் உணர்ச்சி மங்கியிருக்கலாம்.

சரி, உணர்ச்சியை வீட்டில் சோதிக்க முடியுமா? ஓரளவு முடியும், கருவியே வேண்டாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர் மருத்துவர்கள் உருவாக்கிய தொடு சோதனை ஒன்று இருக்கிறது, 2011இல் வெளியானது. அம்மா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை ஆள்காட்டி விரல் நுனியால் கால் விரல் நுனியை ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொட வேண்டும். முதலில் வலது கட்டை விரல், அடுத்து வலது சுண்டு விரல், பிறகு இடது கட்டை விரல், இடது சுண்டு விரல், கடைசியாக வலது நடு விரல், இடது நடு விரல். தொடும்போது அம்மா "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தெரியாமல் போன இடத்தை மறுபடி தொட்டு "இப்பவாச்சும் தெரியுதா ஆச்சி?" என்று கேட்கவும் கூடாது. பாசத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு இது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு ஆட்களே இதைச் சரியாகச் செய்ய முடியும் என்று பிற்பாடு சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். போனில் பக்கத்தில் இருந்து நடத்தலாம், ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் இது மோனோஃபிலமென்டுக்கு மாற்று அல்ல, கழன்ற செருப்பின் செய்தியைக் கொஞ்சம் ஒழுங்காகக் கேட்பது, அவ்வளவுதான்.

இந்தப் பரிசோதனையில் அம்மா தோற்றால் திட்டாதீர்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதுதான் போன் கல்வியைக் கெடுக்கிற முதல் காரணம். "நான் எத்தனை தடவை சொல்றேன்" என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்த கொப்புளம் உங்கள் கேமராவுக்கு வராது. புடவைக் கரையை இழுத்து மூடிக்கொள்வார். அதை மட்டும் எந்த நெட்வொர்க்காலும் சரிசெய்ய முடியாது.

படம் எடுத்து அனுப்பும் வழக்கத்தையும் உண்டாக்குங்கள், வாரம் ஒரு முறை போதும். ஒரே இடம், ஒரே வெளிச்சம், கால் அருகில் வெள்ளைத் தாள் ஒன்று, அளவு தெரிய ஒரு 5 ரூபாய் நாணயம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எச்.டி.யில் அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் படங்களால் பெரிய லாபம் பழைய படத்தோடு ஒப்பிடலாம் என்பது. "இந்த ஆணி போன மாதம் இவ்வளவு கறுப்பாக இல்லையே" என்று கேட்க ஒரு பழைய படம் வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: பிரசுரங்களில் "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்று போட்டிருப்பார்கள், அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு கேமராவில் சரியாகத் தெரியாது. வீக்கம், மினுமினுப்பு, வழக்கத்தைவிடக் கருத்த திட்டு, தொட்டால் சூடு, இவற்றைத் தேடுங்கள்.

இனி மோசமான டாக்டர் கதை. சில வருடத்துக்கு முன்னால் ஒரு பெரியவரின் மகன் உள்ளங்காலைப் படம் எடுத்து அனுப்பினார். பெருவிரலுக்குக் கீழே தடித்த ஆணி, நடுவில் சின்னக் கறுப்புப் புள்ளி. "ஆணிதான், வர்ற வாரம் வாங்க, சீவிவிடலாம்" என்று பதில் போட்டேன். வந்தபோது ஆணியைச் சீவினால் அடியில் சீழ். ஆணிக்குள் கறுப்புப் புள்ளி என்றால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, அடியில் புண் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. நேரில் என்றால் விரலால் அழுத்தியிருப்பேன், மோந்தும் பார்த்திருப்பேன். படத்துக்கு அழுத்தமும் கிடையாது, வாடையும் கிடையாது. அவர் கால் தப்பியது, ஆனால் ஒரு விரல் போனது. அன்றிலிருந்து படத்தைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று நான் சொல்வதில்லை. "வாங்க" என்று சொல்ல மட்டும்தான் படம் உதவும்.

இது என் ஒருத்தியின் கதை அல்ல. 2017இல் ஆஸ்திரேலியாவில் கைபேசிப் படங்களை வைத்துக் கால் புண்ணைக் கணிக்கும் சோதனை நடந்தது. படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கும் அளவுக்குக் கணிப்புகள் சரியாகவும் இல்லை, ஒருவருக்கொருவர் ஒத்தும் போகவில்லை. டென்மார்க்கில் 401 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கும். புண் இருப்பவர்களில் பாதிப்பேருக்குப் பெரும்பாலும் தொலைத்தொடர்பு வழியாகக் கண்காணிப்பு, மீதிப்பேருக்கு வழக்கம்போல் மருத்துவமனை. புண் ஆறுவதிலும் கால் எடுப்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இறந்தவர்கள் தொலைக் கண்காணிப்புப் பிரிவில் 8 பேர், மருத்துவமனைப் பிரிவில் ஒருவர். எண்ணிக்கை சிறியது, காரணமும் தெளிவாகவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு பயமுறுத்தக் கூடாதுதான். இன்னொரு பக்கம் 2018இல் நார்வேயில் 182 பேரை வைத்து வந்த முடிவில் தொலைப் பிரிவில் கால் எடுப்பது குறைவாகவே இருந்தது. நார்வேயில் நடந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும்: வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ் கட்டுப் போட்டார், அவருக்கும் பெரிய மருத்துவமனைக்கும் நடுவில்தான் போன் இருந்தது. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் வெறும் போன் அல்ல, கை ஒன்று இருந்தது.

நம்மூர் உதாரணமும் அதையே சொல்கிறது. 2006இல் சென்னை நீரிழிவு மருத்துவர் டாக்டர் வி. மோகனின் குழு, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டையும் சுற்றியிருந்த கிராமங்களையும் எடுத்துக்கொண்டு, மொத்தம் 42 ஊர்களில் ஒரு திட்டம் தொடங்கியது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு ஒரு வேன். உள்ளே விழித்திரைப் படம் எடுக்கிற கேமரா, காலில் அதிர்வு உணர்ச்சியை அளக்கும் பயோதீசியோமீட்டர், ரத்த ஓட்டம் பார்க்க டாப்ளர், ஈ.சி.ஜி. பெரியவர்களில் 86.5 சதவீதம் பேரை, அதாவது 23,449 பேரைப் பரிசோதித்தார்கள். வேன் வந்துவிட்டுப் போனதோடு நிற்கவில்லை, ஊரிலேயே ஒரு நீரிழிவு மையம் வைத்தார்கள், உள்ளூர் ஆட்களைப் பழக்கினார்கள். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவு ஒரே வருடத்தில் சராசரியாக 9.3லிருந்து 8.5க்கு இறங்கியது. மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. எல்லோரும் செயற்கைக்கோளைப் பேசுவார்கள், எனக்கு அதில் பெரிதாகப் படுவது உள்ளூர் மையம்தான்.

உங்களுக்கு அந்த உள்ளூர்க் கை யார்? பேத்தி ஒன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய 2021 ஆகஸ்டுக்குப் பிறகு சர்க்கரை, பி.பி. மாத்திரையோடு வீட்டுக்கே வருகிற தன்னார்வலர் இன்னொன்று. அம்மா அதில் பதிந்திருந்தால் வருகிற பெண்ணின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுக்கும்போது ஒரு நிமிடம் காலையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டாவது மாதமே அவர் கேட்காமலே பார்ப்பார். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. அரசின் இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். ஆனால் புண்ணைக் காட்ட அல்ல, மருந்துச் சந்தேகத்துக்கும் எங்கே போவது என்று கேட்பதற்கும்.

மெஷின் கேட்டிருந்தீர்கள். கையில் நல்ல ஆதாரம் உள்ள ஒரு கருவி வெப்பம் அளப்பது. புண் வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாகும். இரண்டு பாதத்திலும் அதே இடத்தை அளந்து, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஏற்கனவே புண் வந்து ஆறிய 173 பேரை வைத்து 2007இல் வெளியான ஆய்வில், இப்படி அளந்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்குத்தான் 15 மாதத்தில் மறுபடி புண் வந்தது. வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களுக்கு 29.3 சதவீதம். அதே ஆய்வில் தினமும் கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறித்துவைத்த இன்னொரு பிரிவுக்கு 30.4. கண்ணுக்கு முன்னால் சூடு பேசிவிடுகிறது. ஏறி நின்றால் தானே அளந்து அனுப்பிவிடும் மிதியடிக் கருவியும் வெளிநாட்டில் வந்துவிட்டது. 2017இல் வந்த முடிவுப்படி 97 சதவீதப் புண்களை, சராசரியாக 37 நாள் முன்னாலேயே காட்டியது. கூடவே புண் வராதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும் மணி அடித்தது. உங்கள் அம்மாவுக்கு இப்போதே அது வேண்டாம். நேர்ப் பரிசோதனையில் ஆபத்து அதிகம் என்று சொன்னால், அல்லது ஒரு தடவை புண் வந்து ஆறியிருந்தால், அப்போது வெப்பமானி வாங்குவது நியாயம். கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைக் காலில் நீட்டாதீர்கள், அது உடல் சூட்டுக்கு ஏற்றபடி கணக்குப்போட்டுக் காட்டும். அதில் பொருளின் வெப்பத்தைக் காட்டும் தனி மோடு இருந்தால் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆப் பற்றி இரண்டே வரி. தினமும் "காலைப் பார்த்தீர்களா" என்று கேட்கும் ஆப்பும், தினமும் கேட்கும் மகளும் ஒன்றுதான், மகளுக்குச் சந்தா இல்லை. கைபேசிச் செய்தி பழக்கத்தை மாற்றாது என்று சொல்ல வரவில்லை. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த தென்னிந்திய ஆண்கள் 537 பேரை வைத்துச் சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் இரண்டு வருடத்தில் சர்க்கரை வந்தது. அது உணவு, நடை பற்றிய செய்தி, கால் பற்றியது அல்ல. ஆனாலும் சின்னச் செய்தி, தொடர்ந்து, அந்த ஆளுக்கு ஏற்றபடி வந்தால் வேலை செய்யும் என்பதற்கு அது போதும். அம்மாவுக்கு எழுத்தில் அனுப்பாதீர்கள், குரலில் அனுப்புங்கள்.

போனில் ஜெயிக்கவே முடியாதோ என்று நான் நினைத்தது வீட்டுக்குள் செருப்பு. மரத்த பாதம் வீட்டுக்குள்ளும் வெறும் தரையில் நடக்கக் கூடாது. ஊசி, உடைந்த வளையல், வாசல் கல்லின் வெயில் எல்லாம் வீட்டில்தான் இருக்கின்றன. சமையலறையில் செருப்பா என்று நம் அம்மாக்கள் கேட்பார்கள், அதில் தப்பில்லை. அதனால் வாதாடாதீர்கள். வாசற்படியைத் தாண்டாத புதுச் செருப்பு ஒரு ஜோடி, "வீட்டுச் செருப்பு" என்று பெயர் வைத்துத் தனியாக வாங்கிக் கொடுங்கள். வெளியே போகாத செருப்பை ஏற்றுக்கொள்ள மனது இடம் கொடுக்கிறது. கோயிலுக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் அல்லது பொழுது சாய்ந்த பிறகு போகட்டும், மத்தியான வெயிலில் சுடும் கல்தளத்தில் பிரகாரம் சுற்றி இரண்டு பாதமும் கொப்பளித்து வந்தவர்கள் உண்டு. பழனி பாதயாத்திரை, தீமிதி என்று நேர்த்திக்கடன் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் வேறு விதமாகச் செலுத்தச் சொல்லி உறவில் பெரியவர் யாராவது பேசட்டும், நீங்கள் பேசினால் எடுபடாது.

ஆணியையும் தோலையும் பிளேடால் சீவுவது, மருந்துக்கடையில் ஒட்டுகிற ஆணி பிளாஸ்டர், இரண்டும் வீட்டில் இருக்கக் கூடாது. அந்த பிளாஸ்டரில் உள்ள அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது.

போனை வைத்துவிட்டு அம்மாவைக் கிளப்ப வேண்டிய நேரம் எது என்பதை மூன்று பேரும் ஒரே மாதிரி தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோல் கிழிந்திருந்தாலோ, கொப்புளம், கசிவு, ஆணியில் கறுப்பு என்று எது தெரிந்தாலோ வலி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மறுநாளுக்குள் மருத்துவமனை. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது, புண் இல்லை, வலியும் இல்லை என்றாலும் அப்படியே. எலும்பு உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும் சார்க்கோ பாதமாக இருக்கலாம், அந்தக் காலை ஊன்றவே கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றம், விரல் கருத்துப்போவது, வீக்கம் மேலே ஏறுவது என்றால் அந்த நிமிடமே, நடுராத்திரி ஆனாலும், 108. அந்த நேரத்தில் "படம் எடுத்து அனுப்பு, பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, அந்தக் கழன்ற செருப்பு. அதைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள், விரலிடுக்கில் வார் வைத்த ரப்பர் செருப்பாகத்தான் இருக்கும். பின்னால் பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு வேண்டும். அளவு எடுக்க ஒரு வேலை செய்யுங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், அம்மா ஒரு தாளின் மேல் நிற்கட்டும், பேத்தி பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரையட்டும். அந்தத் தாளையே கூரியரில் வாங்கிக்கொள்ளுங்கள், படமாக வேண்டாம், அளவு மாறிவிடும். கோட்டோடு கத்தரித்துக் கடைக்கு எடுத்துப் போய்ச் செருப்பின் மேல் வையுங்கள். தாள் எந்த ஓரத்திலாவது மடங்கினாலோ வெளியே நீட்டினாலோ அந்த ஜோடி வேண்டாம், அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.